கந்தகனின் நிறம்

உங்கள் ஸ்டேஷன் சுவரில் தொங்குகிற அந்தக் காலண்டர் எங்கள் பிரஸ்ஸில் அடித்தது இல்லை, மேடம். எங்களிடம் கொடுத்திருந்தால் முருகன் கன்னத்தில் பச்சை ஏறியிருக்காது. நாலு கலரில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சாமிக்கே பித்தம் தலைக்கேறிய மாதிரி ஆகிவிடும். குறையாகச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கண் அங்கேதான் போகிறது. தொழில் அப்படி.

ஏட்டையா டைப் அடிக்கத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன். பெயர் சீனிவாசகம். சிவகாசியில் ஆப்செட் பிரஸ், அப்பா ஆரம்பித்தது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் பிழைப்பு. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சினிமா ஷூட்டிங்கில் ஒரு பையனுக்கு முகம் வெந்துபோனதே, அதற்காகச் சின்னச்சாமியைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். சினிமாக்காரர்களுக்கு நெருப்பு வேலை பார்த்துக் கொடுக்கிற ஆள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான்.

ஆனால் முதலில் கந்தகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ பொறாமையில் செய்த மாதிரித் தோன்றிவிடும். பொறாமைப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது.

லேபிள் அடிக்கிற பெரிய ஷீட்டில் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு இடம் சும்மா போகும். அப்பாவுக்குச் சும்மா போவது என்றால் ஆகாது. அந்த இடத்தில் என்ன அடிக்கலாம் என்று யோசித்து, ஒரு படக்கதைப் புத்தகம் போட்டார். இலக்கிய தாகம் என்று பின்னால் மேடைகளில் சொல்லிக்கொண்டது வேறு விஷயம். கந்தகன் அப்படித்தான் பிறந்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவன். ஒருநாள் விபத்து. உடம்பெல்லாம் கந்தகம் ஏறிப்போக, அதிலிருந்து விரலைச் சொடுக்கினால் பொறி பறக்கும். கண்ணை மறைத்து ஒரு முகமூடி. நியாயவிலைக் கடை அரிசியைக் கடத்துகிறவனிலிருந்து வேற்றுக்கிரகத்துக்காரன் வரைக்கும் எல்லோரையும் அடிப்பான்.

வரைந்தவர் மல்லாங்கிணறு பெத்தணன். இப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கந்தகனைக் கறுப்பாகத்தான் வரைந்து கொண்டுவந்தார். கரிசல்காட்டில் வெயிலுக்கு நிற்கிறவர்கள் இருப்பார்களே, அந்த நிறம். ஆனால் அதே ஷீட்டில் மத்தாப்புப் பெட்டிக்கான கொழுகொழுக் குழந்தை இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ஷீட்டுக்கு முகக் கலருக்கென்று ஒரே ஒரு பிலிம்தான் வெட்டுவோம். அந்த ஷீட்டில் எத்தனை முகம் இருந்தாலும் சாமியோ, நடிகையோ, நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்ட குழந்தையோ, எல்லோருக்கும் அதே ரோஜா நிறம். கந்தகனுக்கென்று தனியாக ஒன்று வெட்ட அப்பா சம்மதிக்கவில்லை. ஆக, கந்தகனும் ரோஜா நிறத்தில் வந்து இறங்கினான்.

பெத்தணன் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொதலாளி, மருந்து கலக்குறவனுக்கு மாப்பிள்ளை அலங்காரம் பண்ணி விட்டிருக்கீகளே" என்றாராம். அப்பா, "விக்கிதாலே, பாப்பம்" என்றாராம். விற்றது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கந்தகன் ரோஜா நிறம் என்பது ஆதியிலிருந்தே வருகிற மரபு. எப்படி வந்தது என்பது முக்கியம் இல்லை. மரபுகளை அப்படித் தோண்டிக்கொண்டு போனால் எதுதான் மிஞ்சும்.

நானும் கறுப்புதான், பார்க்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் கரிமூட்டை. முதலாளி மகன் என்றாலும் கரிமூட்டைதான். வீட்டுக்கு வந்ததும் கந்தகனை எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த முகத்தைப் பார்த்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். நம்ம ஊரிலும் இப்படி ஒருவன் இருக்கிறான் என்கிற ஆறுதல். இதில் தப்பு இருப்பதாக இன்றுவரை எனக்குப் படவில்லை.

அப்பா போன பிறகு நான் கந்தகன் வாசகர் பேரவை என்று ஒன்றை நடத்திவந்தேன். நான் தலைவர். பேப்பர் வியாபாரம் பார்க்கிற கமாலுதீன் செயலாளர், சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. உரக்கடைக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று இன்னும் கொஞ்சம் பேர். அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வெளிநாட்டில் ஆரம்பித்தார்கள். காலங்காலமாகப் புத்தகத்தில் வெள்ளைக்காரனாக இருந்த வீரர்களுக்கு, படம் எடுக்கும்போது கறுப்பு நடிகர்களைப் போடுகிறார்களாம். எங்கள் வாட்ஸப் குரூப் கொதித்துவிட்டது. மல்லாங்கிணறில் உரக்கடை வைத்திருக்கிறவர், தன் வாழ்நாளில் பாதி நாள் வெயிலில் வெந்தவர், "நம்ம ஆளை இப்படி அசிங்கப்படுத்திட்டானுகளே" என்று எழுதியிருந்தார். யார் நம்ம ஆள் என்று கமாலுதீன் மட்டும் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அனுப்பிரியா வந்தாள். விருதுநகர்ப் பெண். எண்ணெய்க்கடைக் குடும்பம். மெட்ராஸில் சினிமா கற்றுக்கொண்டு இரண்டு படம் எடுத்திருந்தாள். கந்தகனைப் படமாக எடுக்க உரிமை கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். யார் நடிப்பது என்பது டைரக்டர் இஷ்டம் என்று அதில் இருந்திருக்கிறது.

நடிகரைத் தேர்ந்தெடுத்துவிட்டு போட்டோவோடு வந்தாள். பெயர் உக்கிரபாண்டி. ஏழாயிரம்பண்ணைக்காரன். நாடகக் குழுவில் இருந்திருக்கிறான், நன்றாக நடிப்பானாம். நல்ல கறுப்பு. என்னைவிடக் கறுப்பு என்று சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

"இவன் கந்தகன் இல்லம்மா" என்றேன்.

"ஏன் சார்?"

"கந்தகன் எப்படி இருப்பான்னு ஊருக்கே தெரியும்."

"சார், சாத்தூர் வெயில்ல மருந்து கலக்குற ஆளு வேற எப்படி இருப்பாரு? நீங்களே சொல்லுங்க."

"அது கதைம்மா."

"விரல்ல நெருப்பு வர்றத நம்புறீக, கறுப்பா இருந்தா நம்ப மாட்டீகளா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மரியாதை இல்லாத பெண் இல்லை. "மேல ஒட்டுன தாள விடுங்க சார். உள்ள இருக்கிற சரக்குதான் கந்தகன்."

லேபிள் அடிக்கிறவனிடம் வந்து அப்படிச் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். மறுபேச்சுப் பேசிப் பழக்கம் இல்லை எனக்கு.

அடுத்த வாரம் பிரஸ்ஸுக்கு ஒரு பொம்பளை வந்தாள். குருவம்மாள். எங்கள் பைண்டிங் செக்‌ஷனில் ரொம்ப வருஷம் தாள் அடுக்கியவள். பிறகு பட்டாசு யூனிட்டுக்கு வேன் ஏறிப் போய்விட்டாள். கையில் காராச்சேவுப் பொட்டலம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, அவளுக்கு எப்போதுமே என் மேல் மரியாதை உண்டு.

"மொதலாளி, எம்மவந்தான் நம்ம கந்தகனா நடிக்கான். ஒங்க காதுக்கு வந்திருக்கும்."

"ஒம்மவனா அது."

"ஆமா மொதலாளி. ஊரே பேசுது. இந்த வேன்ல போய்ட்டு வர்றவளுக எல்லாம் என்னைய இப்பக் கந்தகன் ஆத்தாங்குறாளுக. எனக்குக் கூச்சமா இருக்கு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இந்தப் படம் ஓடிருச்சுன்னா யூனிட்டு வேலையவே நான் விட்ரணும்னு சொல்லுதான். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

பண்ணினேன். சேவு நன்றாகவே இருந்தது.

இங்கே நீங்கள் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. என் பைண்டிங்கில் வேலை பார்த்தவள் மகன் என்பதற்காகவோ, அவர்கள் இன்ன தெருக்காரர்கள் என்பதற்காகவோ எனக்கு மனக்கசப்பு வரவில்லை. அதையெல்லாம் நான் பார்க்கிறதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு உட்பட்டு என்ன செய்யலாமோ அதையெல்லாம் செய்தேன். பேரவைக் கூட்டம் போட்டேன், கல்யாண மண்டபத்தில், மட்டன் பிரியாணியோடு. கந்தகனின் நிறத்தை மாற்றுவது கலாச்சாரப் படுகொலை என்று வாத்தியார் தீர்மானம் வாசித்தார். 'கலாச்சார' என்று வருகிற இடத்தில் எல்லாம் ஒரு முறை இருமினார். முடிந்ததும் கமாலுதீன் எழுந்தார்.

"ஏப்பா சீனி, இந்த மண்டபத்துல ஒருத்தனாச்சும் கந்தகன் கலர்ல இருக்கமாப்பா? சமையக்காரனையும் சேத்துத்தான் கேக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார்கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு படத்தின் போஸ்டர் வெளியானது. உக்கிரபாண்டி பொறி பறக்க நிற்கிறான். நம்ப மாட்டீர்கள், அந்த வாரமே உரக்கடைக்காரர் அவனோடு நின்று எடுத்த போட்டோவை குரூப்பில் போட்டார். கீழே "நம்ம ஊர்ச் சிங்கம்" என்று எழுதி. வாத்தியார் கைதட்டுகிற பொம்மை போட்டார். கமாலுதீனிடம் போய்ச் சொன்னேன்.

"விடு சீனி. படம் நல்லா வந்தா பாப்பம், இல்லாட்டி எந்திரிச்சு வந்துருவம். இதுக்குப் போயி சோறு எறங்காம கெடக்க" என்றார்.

கொள்கை என்று ஒன்று இருந்தால் கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க ஒருவன்தான் மிஞ்சுவான். எனக்கு அப்போதே அலுத்துவிட்டது, மேடம். உண்மையைச் சொன்னால் யாராவது ஒருவர் என்னைத் தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாருக்கும் நேரம் இல்லை, சீசன் நேரம்.

கந்தகன் முதன்முதலாக முகமூடியைக் கழற்றுகிற காட்சியை ஏழாயிரம்பண்ணைப் பொட்டலில் எடுக்கப் போவதாக அனுப்பிரியா சொன்னாள். சுற்றிலும் புஸ்வாணம் சீற, அவன் குனிந்து, ஒன்றின் மேல் முகத்தைக் கொண்டுபோய் வாயால் ஊதி அணைக்க வேண்டும். கேமரா முகத்தின் மேலேயே நிற்கும். முகமூடியோடு எடுத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "அந்த முகத்தக் காட்டத்தான் சார் படமே எடுக்கேன்" என்றாள்.

சரி, புஸ்வாணம் என் செலவு என்றேன். கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சீறுமே, அந்தச் சரக்குதான் வேண்டும். பட்டுச்சேலையில் பொறி பட்டால்கூடப் பொத்தல் விழாது. நான் வாங்கியது அது இல்லை. தெரிந்த ஒரு யூனிட்டில், பக்குவம் தவறியது என்று கழித்து ஒதுக்கிய சரக்கு கிடந்தது. பார்வைக்குப் புஸ்வாணம். பற்றவைத்தால் கொஞ்சம் சீறிவிட்டு வெடிக்கும். அழிப்பதற்காக வைத்திருந்தார்கள். நான் அழித்துவிடுகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். யூனிட் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், என்னை நம்பிக் கொடுத்தார்கள்.

லேபிளை நானே உட்கார்ந்து தயார் செய்தேன். 'குளிர்ந்த பொறி. மண்டபத்துக்கும் மேடைக்கும் ஏற்றது.' ஓரத்தில் சின்னதாக ஒரு குழந்தை. ஒட்டுவதற்கு ஆள் வைக்கவில்லை. பெட்டிகளைக் கைப்பற்றி வைத்திருப்பீர்கள், லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு கலர்கூட நகர்ந்திருக்காது. இதில் நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. சீசன் நெருக்கடியில் ஒரு கம்பெனி ஆர்டருக்கு இன்னொரு யூனிட் சரக்கில் லேபிள் ஒட்டி லோடு ஏற்றுகிறவர்கள் உண்டு. லேபிள் ஒட்டிவிட்டால் அது அந்தச் சரக்குதான். எங்களுக்கு அது சாதாரணம். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒருபடி மேல், எழுதியிருப்பதை அப்படியே நம்புவார்கள். சின்னச்சாமிகூட ஒன்றைப் பற்றவைத்துப் பார்க்கத்தான் நினைத்தார். "என்ன சின்னச்சாமி, என் லேபிள் மேல நம்பிக்கை இல்லையா" என்றேன். சங்கடப்பட்டு விட்டுவிட்டார்.

ஷாட்டுக்கு முன்னால் உக்கிரபாண்டி என்னிடம் வந்தான். நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கப் போனபோது, "உக்காருங்கய்யா" என்று தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். முகத்தில் பதட்டம்.

"அய்யா, சின்னப்புள்ளையில அம்மா ஒங்க பிரஸ்ஸுல இருந்து வேஸ்ட் சீட்டு கொண்டாருவாக. அதுல பாதிக் கந்தகன் இருப்பாரு, பாதி மத்தாப்பு இருக்கும். அத வச்சுத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"அப்படியா."

"அடுப்புக்கரிய எடுத்து அவரு மூஞ்சில பூசி வச்சுக்கிருவேன். அப்பத்தான் எங்க மாமா மாதிரி இருப்பாரு." சிரித்தான். வரிசையான பல். "இன்னைக்கு வரைக்கும் நெனச்சுப் பாக்கலய்யா, நானே அந்த வேசம் கட்டுவேன்னு."

சின்னக் குழந்தையிலேயே செய்திருக்கிறான் பாருங்கள். என் அப்பா அடித்த முகத்தில்.

பிறகு கேட்டான்: "அய்யா, நீங்க சரக்குத் தெரிஞ்சவுக. மூஞ்சிய எம்புட்டுப் பக்கத்துல கொண்டு போலாம்?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. குருவம்மாள் கொஞ்சம் தள்ளி, லீவு போட்டுவிட்டு வந்த பொம்பளைகளோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியும் தன் மகனும் பேசிக்கொண்டிருப்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வெயில் வேறு. எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது.

"பயப்படாதலே. நல்லாப் பக்கத்துல போ, முகம் தெரியணும்லா" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். சொன்ன மாதிரியே பக்கத்தில் போனான். நல்ல நடிகன், சொன்னால் கேட்கிறவன்.

கொலை முயற்சி என்று எழுத வேண்டாம், ஏட்டையா. சாகடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த முகம் படத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான் என் கோரிக்கை. தீர்மானமாகப் போட்டுச் சொன்னேன், வாயால் சொன்னேன், முகமூடியோடு எடுங்கள் என்று மன்றாடினேன். யாரும் காதில் வாங்கவில்லை. புஸ்வாணத்தை வைத்தது நான், லேபிள் அடித்தது நான், பக்கத்தில் போகச் சொன்னது நான். மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்பீர்கள். சின்னச்சாமி மேல் இரக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் அது இல்லை.

முந்தாநாள் மதுரைக்குப் போயிருந்தேன், ஆஸ்பத்திரிக்கு. வெறுங்கையோடு போகவில்லை, சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். கட்டைப் பிரித்திருந்தார்கள். வலது கண்ணில் பார்வை வருமா என்று இன்னும் சொல்ல முடியாதாம். கந்தகனுக்கு முகமூடி உண்டு, அது ஒரு பிரச்சினை இல்லை. நான் சொல்ல வருவது வேறு. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் புதுத் தோல் வந்திருக்கிறது, மேடம். இளம் ரோஜா. லேசாக மினுங்குகிறது. எத்தனை வருஷமாக அந்தக் கலரை ஷீட்டு ஷீட்டாகப் பார்க்கிறேன், எனக்குக் கண் தப்பாது. அச்சு அசலாக அதே கலர்.

வெளியே வந்து அனுப்பிரியாவுக்குப் போன் போட்டேன். இனி இவனே நடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, எழுதியே தருகிறேன் என்றேன். கேஸ் முடியாமல் எதையும் தொட முடியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் தீபாவளிக்குப் படம் வந்துவிடும்.

குருவம்மாளிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "ஒம்மவன் இப்பத்தான் அசல் கந்தகன், கவலையே படாத" என்றேன். அவள் எழுந்து வந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அவன் முகம் எனக்குத் தெரியாதபடி. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். இடது பக்கம் மட்டும் இன்னும் பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது, அதை மேக்கப்பில் சரிபண்ணிவிடலாம் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.